ஊரிலிருந்து தோசை மாஸ்டரை எடுக்க பெர்மிட் கிடைக்குமா? சின்னக் கடை, கோட்டா கணக்கு புரியவில்லை

கல்லாப்பெட்டி எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் நானும் என் மனைவியும் சின்னதாக ஒரு சைவக் கடை நடத்துகிறோம், கம்பெனியாகப் பதிவு செய்தது. எங்களிடம் பதினோரு வருடம் இருந்த தோசை மாஸ்டர் மலேசியர். ஜொகூரிலிருந்து விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பி பாலம் தாண்டி வருவார். முட்டி வலி தாங்க முடியாமல் போன மாதம் நின்றுவிட்டார். அவர் போனதிலிருந்து கல்லில் நான்தான் நிற்கிறேன். காலையில் சமாளித்துவிடுகிறேன், சாயங்காலம் கூட்டம் வரும்போது மூன்று கல்லையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியவில்லை, ஒன்றில் ஊற்றும்போது இன்னொன்றில் கருகுகிறது. இருபது வருடமாக வரும் ஒரு பெரியவர் போன ஞாயிற்றுக்கிழமை பாதித் தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார், அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மனைவியின் ஊர் காரைக்குடிப் பக்கம். அங்கே ஒரு மெஸ்ஸில் இருபது வருடம் அடுப்படியில் நின்ற மாஸ்டர் ஒருவரைத் தெரியும். வயது 41, எட்டாவது வரை படித்தவர். வர ஆசைப்படுகிறார். ஆனால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இந்தியாவிலிருந்து உணவகத்துக்கு வொர்க் பெர்மிட்டே கிடையாது, எஸ் பாஸ் (கூடுதல் சம்பளமும் திறனும் உள்ளவர்களுக்கான வேலை அனுமதி) மட்டும்தான் என்கிறார் ஒருவர். இல்லை, இப்போது சமையல்காரருக்கு மட்டும் திறந்துவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர். ஒரு ஏஜென்ட் 6,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், கேட்கிறார், "கோட்டா பத்தாவிட்டால் சொந்தக்காரர் இரண்டு மூன்று பேர் பெயரில் சிபிஎஃப் கட்டுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. கோட்டா என்றால் உள்ளூர் ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து எத்தனை வெளிநாட்டு ஆட்களை எடுக்கலாம் என்ற அளவு, சிபிஎஃப் என்றால் ஊழியர் சேமநிதி, அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

கடையில் இப்போது இருப்பவர்கள், என்னையும் மனைவியையும் விட்டுவிட்டுச் சொல்கிறேன்: முழுநேர உள்ளூர் ஆட்கள் 6 பேர், எல்லாருக்கும் 1,600 வெள்ளிக்கு மேல். பகுதிநேரமாக மூன்று அக்காமார்கள், இரண்டு பேர் மாதம் 900 வாங்குகிறார்கள், ஒருவர் 650. மலேசியர்கள் இரண்டு பேர், வொர்க் பெர்மிட். எனக்கு ஒரு ஆள் எடுக்க முடியுமா முடியாதா? அப்புறம் அவருடைய பாஸ்போர்ட்டில் இசிஆர் (குடிபெயர்வு அனுமதி தேவை என்ற) முத்திரை இருக்கிறதாம், அதனால் ஏதும் தடை வருமா?

---

மணிமேகலை எழுதியது:

சார், நான் சின்னக் கம்பெனிகளுக்கு பெர்மிட் வேலை, சம்பளக் கணக்கு எல்லாம் பார்த்துக் கொடுப்பவள். பத்து வருடத்துக்கு மேல் இதே வேலைதான். உங்களிடம் சொன்ன இரண்டு பேரும் ஒரு வகையில் சரி, ஆனால் வேறு வேறு காலத்தைச் சொல்கிறார்கள். சேவைத் துறையில், அதாவது உணவகம், கடை, சலூன் எல்லாம் அடங்கிய துறையில், வொர்க் பெர்மிட்டுக்கு மலேசியா, சீனா, ஹாங்காங், மக்காவ், தைவான், தென்கொரியா இந்த இடத்து ஆட்கள்தான் வரலாம் என்பது பழைய விதி. நம் ஊர்ப் பையன்கள் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் இவ்வளவு பேர் இருக்கிறார்கள், ஒரு இட்லிக் கடையில் மட்டும் இருக்க முடியவில்லை என்பதற்குக் காரணம் அதுதான். 2023 செப்டம்பர் 1 முதல் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும் இந்தியா, பங்களாதேஷ், இலங்கை போன்ற நாடுகளிலிருந்தும் எடுக்கலாம் என்று மனிதவள அமைச்சு ஒரு பட்டியல் போட்டது. அதில் இந்திய உணவகச் சமையல்காரர் இருந்தார். 2025 செப்டம்பர் 1 முதல் இந்திய உணவகம் என்றில்லாமல் எல்லாச் சமையல்காரரும் அந்தப் பட்டியலில் வந்துவிட்டார்கள். ஆக வழி இருக்கிறது.

ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, மாதா மாதம் நிலையான சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி. ஓவர்டைமைச் சேர்த்து 2,000 என்று காட்டக் கூடாது. இரண்டாவதுதான் உங்களை இடிக்கும். இந்தப் பட்டியலில் வரும் ஆட்கள் மொத்த ஆள் எண்ணிக்கையில் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

உங்கள் கணக்கைப் போடுவோம். 2025 கணக்குப்படி உள்ளூர் ஆள் ஒருவர் 1,600 அல்லது அதற்கு மேல் வாங்கினால் ஒன்று என்று எண்ணுவார்கள். 800-இலிருந்து 1,600-க்குள் என்றால் அரை. 800-க்குக் கீழே போனால் எண்ணிக்கையிலேயே வராது. உங்கள் 6 பேர் ஆறு, 900 வாங்கும் இரண்டு அக்காவும் சேர்ந்து ஒன்று, 650 வாங்குபவர் பூஜ்யம். ஆக உள்ளூர் 7, மலேசியர் 2, மொத்தம் 9. புது மாஸ்டரைச் சேர்த்தால் 10. பத்தில் 8 சதவீதம் 0.8, ஒரு ஆள்கூட வரவில்லை. பன்னிரண்டு ஆனாலும் 0.96 தான். புது ஆளையும் சேர்த்து மொத்தம் 13 பேர் இருந்தால்தான் ஒருவருக்கு இடம். விண்ணப்பத்தை யார் போட்டாலும், 6,000 வாங்குபவர் போட்டாலும், இந்தப் பதின்மூன்று மாறாது.

எஸ் பாஸ் கதை வேறு. அதற்கு சேவைத் துறையில் 10 சதவீதம். உங்களுக்கு மொத்தம் 10 வருவதால் கணக்குப்படி ஒரு எஸ் பாஸ் இடம் இப்போதே இருக்கிறது. ஏஜென்ட் இதைப் பார்த்துதான் ஆசை காட்டியிருப்பார். ஆனால் 2025 செப்டம்பர் நிலவரப்படி எஸ் பாஸ் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 என்பது இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு. வயது ஏற ஏற அதுவும் ஏறும், 45 வயதில் 4,800. உங்கள் மாஸ்டருக்கு 41 வயது, 4,000-ஐத் தாண்டிவிடும். அதோடு மாதம் 650 லெவி, அதாவது வெளிநாட்டு ஆளுக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் வரி. எட்டாவது படித்தவருக்கு எஸ் பாஸ் கிடைப்பதும் கஷ்டம். நாலாயிரம் எழுதிவிட்டு கையில் ஆயிரத்து ஐந்நூறு கொடுக்கும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். அது பொய்த் தகவல் கொடுத்த குற்றம், 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. நீங்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சொந்தக்காரர் பெயரில் சிபிஎஃப் கட்டும் யோசனையும் அதே ரகம். வேலையே செய்யாத ஆளைக் கணக்கில் காட்டி கோட்டா ஏற்றுவது. அமைச்சு சிபிஎஃப் பதிவை வைத்துத்தான் எண்ணுகிறது, சந்தேகம் வந்தால் கடைக்கே வந்து "இவர் எங்கே, என்ன வேலை செய்கிறார்" என்று கேட்கும். உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றீர்களே, அந்த எண்ணம்தான் சரி.

இசிஆர் பற்றி: பத்தாவது தேறாதவர்கள் சில நாடுகளுக்கு வேலைக்குப் போக இந்தியாவில் அனுமதி வாங்க வேண்டும், அந்த 18 நாடுகளில் சிங்கப்பூர் இல்லை. மலேசியா, வளைகுடா நாடுகள் எல்லாம் உண்டு. அதனால் அந்த முத்திரை உங்களுக்குத் தடை இல்லை.

---

பட்டுக்கோட்டைக்காரன் எழுதியது:

அண்ணே, நான் சமையல்காரன். கடைக்காரர்கள் பேசுகிற இடத்தில் நான் எழுதலாமா என்று யோசித்தேன், ஆனால் எஸ் பாஸ் என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் 2019-இல் எஸ் பாஸில் வந்தேன். ஊர் ஏஜென்ட்டுக்கு மூன்றரை லட்சம் கொடுத்தோம், அக்கா நகை இரண்டு அதில் போனது. காகிதத்தில் சம்பளம் 2,300. முதல் மாதம் பேங்கில் 2,300 விழுந்தது, மறுநாள் முதலாளி ஏடிஎம் வாசல் வரை கூட வந்து 1,100 எடுத்துக் கொடு என்றார். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. எல்லாரும் கொடுக்கிறார்கள், நீயும் கொடு என்றார்கள். பதினெட்டு மாதம் கொடுத்தேன். எனக்கு என் பெர்மிட் காகிதத்தில் என்ன சம்பளம் எழுதியிருக்கிறது என்பதே சிங்கப்பூர் வந்து இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும்.

அதனால் ஒன்று சொல்கிறேன் அண்ணே. ஐபிஏ வந்ததும், அதாவது முதற்கட்ட ஒப்புதல் கடிதம் வந்ததும், அதில் தொழிலாளிக்கென்று தாய்மொழியில் ஒரு பிரதி வரும். அதை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள். நீங்களே மாஸ்டருடைய போனுக்கு அனுப்புங்கள், போனில் கூப்பிட்டு ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுங்கள். நிலையான மாதச் சம்பளம் எவ்வளவு, தங்குமிடத்துக்குப் பிடித்தம் உண்டா, சாப்பாட்டுக்குப் பிடித்தம் உண்டா, எல்லாம் அதில் இருக்கும். ஊரில் விமானம் ஏறுவதற்கு முன்னால் அதை ஒரு தரம் வாசித்திருந்தால் நான் வந்திருக்க மாட்டேன்.

இன்னொன்று. இந்தப் பக்கமுள்ள சில ஏஜென்ட்டுகள் கடைக்காரரிடம் காசு கேட்காமல், "உங்களுக்கு நான் ஆளுக்கு இவ்வளவு தருகிறேன்" என்று வருவார்கள். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? என் அக்கா காதில் இருந்தது அது.

---

ஜுரோங் கடைக்காரர் எழுதியது:

தம்பி பட்டுக்கோட்டை, நீ எழுதியது நல்லது. இங்கே எல்லாரும் படிக்க வேண்டியது.

கல்லாப்பெட்டி, நான் 2024-இல் இதே பட்டியலில் திருச்சியிலிருந்து ஒருவரை எடுத்தேன். மணிமேகலை அம்மா சொன்னது முழுக்கச் சரி. செலவைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். விண்ணப்பத்துக்கு 35 வெள்ளி, பெர்மிட் வழங்கும்போது இன்னொரு 35. அமைச்சின் இணையதளத்தில் நீங்களே போடலாம், கம்பெனியின் கார்ப்பாஸ் (அரசுத் தளங்களில் நுழையும் கணக்கு) இருந்தால் போதும், எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 6,000 எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட்காரருக்கும் 5,000 வெள்ளி செக்யூரிட்டி பாண்ட், அதாவது அரசுக்குக் கொடுக்கும் பிணை. ரொக்கமாகக் கட்ட வேண்டியதில்லை, இன்சூரன்ஸ் கம்பெனி உத்தரவாதம் கொடுக்கும், நீங்கள் பிரீமியம் கட்டுவீர்கள். ஆள் வருவதற்கு முன்பே இது நடைமுறைக்கு வர ஏற்பாடு செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மருத்துவக் காப்பீடு வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளி வரை இருக்க வேண்டும், 2023 ஜூலையிலிருந்து இப்படி, முன்பு 15,000 தான். வந்து இரண்டு வாரத்துக்குள் மெடிக்கல். அப்புறம் கைரேகை, கார்டு. அடுப்படியில் நிற்பவர் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி முதல் நிலை தேறியிருக்க வேண்டும், அதை மறந்துவிட்டு நான் பத்து நாள் அவரை வெங்காயம்கூட உரிக்க விடாமல் உட்கார வைக்க வேண்டியதாயிற்று, முன்கூட்டியே இடம் பதிந்துவிடுங்கள்.

பாண்ட், லெவி, காப்பீடு, இந்தச் செலவு எதையும் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. லெவி என்பது வெளிநாட்டு ஆட்கள் எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்து. திறன் சான்று இல்லாதவருக்கு முதல் 10 சதவீதம் வரை ஆளுக்கு மாதம் 450, அதற்கு மேல் 25 வரை 600, அதற்கும் மேல் 35 வரை 800. மொத்தமாக 35-ஐத் தாண்ட முடியாது. சான்று பெற்றவருக்கு 300, 400, 600. ஆக உங்கள் மாஸ்டருக்கு மாதம் இரண்டாயிரம் என்று மட்டும் நினைக்காதீர்கள், லெவியைச் சேர்த்துப் பாருங்கள், தங்க இடமும் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒன்று, இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு அது நஷ்டமாகப் படவில்லை. அவர் வந்த இரண்டாவது வாரம் சாம்பார் வாசனைக்கே பக்கத்து பிளாக் ஆட்கள் இறங்கி வந்தார்கள். நல்ல கைக்கு நல்ல சம்பளம் கொடுப்பதில் தப்பே இல்லை.

---

கல்லாப்பெட்டி எழுதியது:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. மணிமேகலை அம்மா, பதின்மூன்று வரவேண்டும் என்றால் மாஸ்டரைத் தவிர இன்னும் மூன்று உள்ளூர் ஆள் சேர்க்க வேண்டுமா? என் கடைக்கு அவ்வளவு வேலையே இல்லையே. தம்பி பட்டுக்கோட்டை, உங்கள் எழுத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ஏஜென்ட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

---

மணிமேகலை எழுதியது:

மூன்று புது ஆள் வேண்டியதில்லை சார். இருக்கிறவர்களையே பாருங்கள். அந்த மூன்று அக்காமாரில் யாருக்காவது முழுநேரம் வர விருப்பமா என்று முதலில் கேளுங்கள், நிஜமாக வேலை இருந்தால் மட்டும். மூன்று பேரும் முழுநேரமாகி 1,600 வாங்கினால் உள்ளூர் 9. நின்றுபோன மலேசிய மாஸ்டர் இடத்தில் இன்னொரு மலேசியரை எடுத்தால் மலேசியர் 3. காரைக்குடி மாஸ்டர் ஒருவர். மொத்தம் 13. வெளிநாட்டு ஆட்கள் 4, சுமார் 31 சதவீதம், 35-க்குள் வந்துவிடுகிறது. இரண்டு அக்கா மட்டும் சம்மதித்தால் இன்னும் ஒரு முழுநேர உள்ளூர் ஆள் தேடவேண்டும், கல்லாவுக்கோ பரிமாறவோ.

இது ஒரே நாளில் நடக்காது. சிபிஎஃப் பதிவில் கடந்த மூன்று மாதச் சராசரியைத்தான் எடுப்பார்கள். அதனால் இன்று ஆள் சேர்த்தால் மூன்று மாதம் பொறுத்துத்தான் இடம் தெரியும். பொறுக்காமல் விண்ணப்பம் போட்டால் நிராகரிப்பு வரும், 35 வெள்ளியும் போகும்.

அப்புறம் பெர்மிட் கிடைத்துவிட்டது, இனி கவலை இல்லை என்று இருந்துவிடாதீர்கள். நான் கணக்குப் பார்த்த ஒரு கடையில் இரண்டு உள்ளூர் ஆட்கள் ஒரே மாதத்தில் விலகினார்கள், முதலாளி யாரையும் சேர்க்கவில்லை. புதுப்பிக்கும் நேரத்தில் கோட்டா குறைந்திருந்தது, நல்லபடி வேலை செய்துகொண்டிருந்த ஒரு மனிதர் ஊருக்குக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது. அவருடைய மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அவர் அந்தக் கடையில் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஒரு ஆளைக் கூட்டிவந்தால் கூடவே உள்ளூர் எண்ணிக்கையையும் மாதா மாதம் பார்க்கும் பொறுப்பு உங்களுக்கு வருகிறது.

வயதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலையிலிருந்து வொர்க் பெர்மிட்டில் இத்தனை வருடம்தான் இருக்கலாம் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள், 63 வயது வரை வேலை செய்யலாம். 41 வயதில் வருபவர் உங்கள் கடையிலேயே நீண்ட காலம் இருக்க முடியும். குடும்பத்தை மட்டும் இந்த பெர்மிட்டில் கூட்டிவர முடியாது, அதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

---

கல்லாப்பெட்டி எழுதியது:

நேற்று அக்காமார்களிடம் பேசினோம். இரண்டு பேர் உடனே சரி என்றார்கள், ஒருவர் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மறுத்துவிட்டார். கல்லாவுக்கு ஒரு ஆள் தேட விளம்பரம் போடுகிறோம். ஜொகூர்ப் பக்கமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனால் இன்று காலை மாஸ்டரைக் கூப்பிட்டு மூன்று நாலு மாதம் ஆகும் என்று சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம்தான் சொன்னார். நாங்கள் பேச ஆரம்பித்ததுமே அந்த ஊரில் ஒருவர் வந்து, சிங்கப்பூர் கடையிலிருந்து எல்லாம் தயார், முன்பணம் கட்டு என்று 40,000 ரூபாய் வாங்கியிருக்கிறாராம், பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டாராம். நாங்கள் அப்படி யாரையும் அனுப்பவில்லை. என் கடைப் பெயரைச் சொல்லி வாங்கியிருக்கிறார். எனக்குக் கை நடுங்குகிறது. என்ன செய்வது?

---

பட்டுக்கோட்டைக்காரன் எழுதியது:

அண்ணே, முதலில் பாஸ்போர்ட். பணம் பிறகு. பாஸ்போர்ட் அடுத்தவன் கையில் இருக்கும் வரை மாஸ்டர் எதையும் துணிந்து கேட்க மாட்டார். நாளைக்கே அவர் வீட்டு ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கட்டும், தனியாகப் போக வேண்டாம். கொடுக்கவில்லை என்றால் அங்கிருந்தே காவல் நிலையத்துக்குப் போகச் சொல்லுங்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த ஏஜென்ட்டுக்கும் உரிமை கிடையாது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கம்பெனி முத்திரையோடு ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள், இந்த மனிதருக்காக நாங்கள் எந்த ஏஜென்ட்டையும் நியமிக்கவில்லை, யாரிடமும் பணம் வாங்கச் சொல்லவில்லை, விண்ணப்பமே இன்னும் போடவில்லை என்று. அது புகாருக்குப் பெரிய பலம். எனக்கு அன்று அப்படி ஒரு காகிதம் யாரும் கொடுக்கவில்லை.

---

மணிமேகலை எழுதியது:

தம்பி சொன்னதை அப்படியே செய்யுங்கள். கூடவே, இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். இந்திய அரசின் இமைகிரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது, அந்த ஆள் பெயரைத் தேடிப் பாருங்கள். பதிவு பெற்றவரே 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். இவர் 40,000 வாங்கியிருக்கிறார், அதுவும் இல்லாத வேலைக்கு. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, அங்கேயும் புகார் கொடுக்கலாம். பணம் எப்படிக் கொடுத்தார் என்று கேளுங்கள், ஜிபேயில் போட்டிருந்தால் அந்த விவரத்தைப் படம் எடுத்து உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள்.

---

கல்லாப்பெட்டி எழுதியது:

கடிதம் அடித்து கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், மூலப் பிரதியைக் கூரியரில் போடுகிறேன். மனைவியின் அண்ணன் நாளைக் காலை மாஸ்டரோடு போகிறார். பணம் ஜிபேயில்தான் போயிருக்கிறது, இரண்டு தடவையாக. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.